படலையில் திரும்பி வந்த கடிதம்

அண்ணை,

நட்டுக் கழற்றுகிற பன்னிரண்டாம் நம்பர் சாவியைத் தேடிக் கருவிப் பெட்டிக்குள் கையை விட்டேன். நீங்கள் எழுதிப் பழகிய கொப்பி வந்தது. ஓரமெல்லாம் மண்ணெண்ணெய் ஊறிப் பழுப்பேறியிருக்கிறது. முதுகு கிழிந்தபோது நீங்கள் வலை நூலால் போட்ட தையல் மட்டும் இன்னும் இறுக்கமாக நிற்கிறது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் எண்ணெய் வாசம். அதற்கு அடியில் உப்பு வாசமும் இருக்கிறது என்று அக்கா சொல்கிறா. எனக்குத் தெரியவில்லை. எனக்கு மூக்கு எப்போதும் எண்ணெய்க்குத்தான் வேலை செய்யும்.

கரவெட்டியில் இன்றைக்கு மழை விட்டிருக்கிறது. நாங்கள் ஒதுங்கியிருக்கிற பள்ளிக்கூடத்து விறாந்தையில் ஒரு தோட்டக்காரரின் இறைப்பு மிசின் கழற்றியபடி கிடக்கிறது. அவர் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டார். நான் வேலையை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நீங்கள் நம்பமாட்டீர்கள். "உனக்கு ஒரு வேலை துவங்கினால் ஒண்டுக்குப் போகவும் பொறுமையில்லையே தம்பி" என்று சொன்னவர் அல்லவா.

போன கிழமை உங்கள் மகன் அன்ரனின் கடிதம் வந்தது. கனடாவில் போட்டது. கொழும்பில் யாரோ ஒருவர் கையில் கிடந்து, ஆள் மாறி ஆள் மாறி, மூன்று மாதம் கழித்து வந்திருக்கிறது. உறையில் உங்கள் பெயர். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பதில் எழுதவேண்டியவன் நான். அது ஓடவில்லை. அதனால் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

குருநகர்க் கரையில் உங்கள் வீடு ஷெல் பட்டு உடைந்த பிறகு, கொக்குவிலில் எங்கள் வளவுக்கு நீங்கள் வந்த நாள் நினைவிருக்கிறதா? ஒரு தள்ளுவண்டி. அதில் ஒரு சாக்குச் சட்டிபானை, மாதா படம், படுக்கை விரிப்பால் சுற்றிய ஏதோ ஒன்று. நீங்கள் வண்டியைத் தள்ள, உங்கள் மனைவி, அன்றிலிருந்து எனக்கு அக்கா, அந்தச் சுற்றிய பொருளின் மேல் கை வைத்தபடி நடந்து வந்தா, காய்ச்சல்காரப் பிள்ளையைக் கொண்டுவருவதுபோல. அம்மா வெங்காயம் போட்டுவைக்கிற பக்கத்து அறையைத் துப்புரவாக்கிக் கொடுத்தா. நான் விரிப்பின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன். படகு இஞ்சின்.

"எத்தினை குதிரை?" என்று கேட்டேன்.

"பதினைஞ்சு" என்றீர்கள். பிறகு என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தீர்கள். "உங்கடை பக்கத்திலை இஞ்சினைத்தான் முதல் சுகம் விசாரிக்கிறதோ? மனிசர் பேந்தோ?"

அக்கா சிரித்தா. அன்றைக்குத் தான் சிரித்த ஒரே சிரிப்பு அதுதான் என்று பிறகு சொன்னா.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரம் படித்துவிட்டு, பெற்றோல் இல்லாத ஊரில் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குக் கடல் இல்லை. கடலுக்குப் போகத் தடை, கரையில் இருக்கத் தடை. ஆனாலும் இஞ்சின் இறுகிப்போகக்கூடாது என்று நீங்கள் கிணற்றடியில் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் இஞ்சினைப் பூட்டி, ஞாயிறு பூசை முடிந்து வந்து இரண்டு நிமிடம் ஓடவிடுவீர்கள். டிரம் தண்ணீர் கொந்தளிக்கும். பக்கத்து வளவுக் கோழியெல்லாம் மதிலுக்கு மேலே பறக்கும். "கொக்குவிலிலை கடல் கொண்டுவந்த மனிசன்" என்று ஒழுங்கையில் உங்களுக்குப் பெயர். அந்த இரண்டு நிமிடமும் நீங்கள் ஒரு கையை இஞ்சின் பிடியில் வைத்துக்கொண்டு, எதிரே இருக்கிற எங்கள் வாழைமரத்தை, அதற்கு அப்பால் ஏதோ கரை தெரிவதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். நான் எண்ணெய் வீணாகிறது என்று கத்துவேன்.

அன்ரனின் முதல் கடிதம் வந்தது அப்படியான ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவனைப் பற்றி அதற்கு முதல் நீங்கள் அதிகம் கதைத்ததில்லை. கடலில் கடற்படையிடம் பிடிபட்டு, இரண்டு மாதம் எங்கே என்று தெரியாமல் கிடந்து, ஒரு காது கேளாமல் திரும்பி வந்தவன். பிறகு வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டவன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கனடாவில் அகதி விசாரணை வரப்போகிறது, தகப்பன் ஒரு கடிதம் தரவேண்டும் என்று அவனுடைய வழக்கறிஞர் கேட்டிருந்தார். என்ன நடந்தது, ஏன் வெளிக்கிட்டான், ஏன் திரும்பி வர ஏலாது. மூன்றாவதின் கீழே அன்ரன் இரண்டு கோடு போட்டிருந்தான்.

"தமிழிலை எழுதலாமாம் அண்ணை. அங்கை மொழிபெயர்ப்பினமாம். அரை மணித்தியால வேலை, சொல்லுங்கோ, நான் எழுதுறன்" என்றேன்.

"இல்லை. நான் இங்கிலீசிலை எழுதப்போறன்."

"உங்களுக்கு இங்கிலீசு தெரியுமோ?"

"ஏபீசீடி தெரியும். படகுக்கு நம்பர் எழுதினது ஆரெண்டு நினைக்கிறாய்?"

நான் தலையில் கை வைத்தேன். நீங்கள் காரணம் சொன்னீர்கள். முன்னொரு காலம் களப்புக்குள் மட்டுமாவது வலை போட அனுமதி கேட்டு, பெட்டிசம் எழுதுகிற ஒருவரிடம் போனீர்களாம். அவர் இங்கிலீசில் விறுவிறு என்று எழுதினார். நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பாதிரியார் அதை வாசித்துச் சொன்னார்: தொழிலை விட்டுவிட்டேன், நிவாரணம் தாருங்கள் என்று எழுதியிருந்ததாம்.

"அண்டையிலை இருந்து எனக்கு விளங்காத எழுத்துக்கு நான் கை வைக்கிறதில்லை. இது என்ரை பிள்ளையின்ரை விசயம். நீ பொறுமையில்லாதவன் எண்டு தெரியும். ஆனால் பொய் சொல்லமாட்டாய். படிப்பி."

அப்படித்தான் ஐம்பத்தாறு வயதில் நீங்கள் கொப்பி வாங்கினீர்கள்.

என்னுடைய இங்கிலீஷ் இஞ்சின் இங்கிலீஷ். கதைக்கத் தெரியாது. மிசின்களோடு வருகிற கையேடுகளை வாசித்து வந்த அறிவு. எங்கள் வளவில் இருந்த ஒரே இங்கிலீஷ் புத்தகமும் உங்கள் இஞ்சினின் கையேடுதான். மாதா படத்துக்குப் பின்னால் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தீர்கள். அதைத்தான் பாடப் புத்தகமாக்கினேன். ஞாயிறு மத்தியானங்களில் கிணற்றடி நிழலில் இருந்து, எச்சரிக்கைப் பக்கத்தில் தொடங்கினோம்.

Failure to mix the oil will damage the engine.

"Failure எண்டால் தவறுறது" என்றேன். "என்னத்தைச் செய்யத் தவறுறது? அதை இந்த to சொல்லும். எண்ணெய் கலக்கத் தவறினால் இஞ்சின் பழுதாகும். அவ்வளவுதான். விளங்கிச்சோ?"

"பொறு. எண்ணெய் கலக்க எண்டதை நாங்கள் முதல் சொல்லுறம். அவங்கள் தவறுறதை முதல் சொல்லுறாங்கள்."

"ஓம். எங்களுக்கு, போக அனுமதி. அவங்களுக்கு, permission to go. பெயர் முன்னாலை. பிறகு to. பிறகு செய்யிற வேலை. என்னத்துக்கு அனுமதி, என்னத்துக்கு முடிவு, என்னத்துக்கு உரிமை எண்டதெல்லாம் பின்னாலைதான் வரும்."

நீங்கள் கையேட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தீர்கள். எனக்கு அந்தக் கொஞ்ச நேரம் பொறுக்காது. எழும்பப்போனேன். கையைப் பிடித்து இருத்தினீர்கள்.

"வலையிலை மேலை மிதப்பு இருக்குது. கீழை ஈயம். இடையிலை வலை. மிதப்பை மட்டும் கடலிலை போட்டால் அது தன்ரை பாட்டிலை மிதந்துகொண்டு திரியும். ஈயம் கட்டினால்தான் வலை நிண்டு மீன் பிடிக்கும். உன்ரை permission மிதப்பு. என்னத்துக்கு எண்டது ஈயம். இந்த to எண்டவர் கயிறு. சரியோ?"

சரிதான். எந்த ஆசிரியரும் எனக்கு அதைவிட நல்லாகச் சொல்லித் தந்ததில்லை. ஆனால் நான் அன்றைக்கு "ஏதோ ஒண்டு, பாடமாக்குங்கோ" என்றுதான் சொன்னேன்.

இப்போது கொப்பியைப் புரட்டினால் பக்கம் பக்கமாக அதுதான். இடது பக்கத்தில் வட்ட வட்டமாக மிதப்புகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெயர்: decision, attempt, right, refusal, promise, chance. வலது பக்கத்தில் ஈயக் குண்டுகளுக்குள் வினைகள். நடுவில் கயிறு கீறி, அதன்மேல் to. Refusal to answer. Right to live. Attempt to start the engine. ஒரு பக்கத்தில் possibility என்ற மிதப்புக்குக் கீழே கயிறு அறுந்திருக்கிறது. எல்லாப் பெயருக்கும் to ஒட்டாது, சிலதுக்கு of போடவேண்டும் என்று நான் சொல்ல, ஏன் என்று நீங்கள் கேட்க, "அது அப்பிடித்தான்" என்று நான் எரிந்து விழுந்த நாள். நீங்கள் கோபிக்கவில்லை. அறுந்த கயிற்றைக் கீறிவிட்டுச் சொன்னீர்கள், "எல்லா மிதப்பும் எல்லா ஈயத்தையும் தாங்காதுதானே."

அக்கா ஒரு நாள் தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தா. "என்ன, கடிதமோ வலையோ?"

"ரெண்டும் ஒண்டுதான். போடுறதுதான் எங்கடை வேலை. படுறது கடவுளின்ரை கையிலை" என்றீர்கள்.

மூன்றாம் மாதம் முதல் கடிதத்தை எழுதிக் கொண்டுவந்து தந்தீர்கள். பிடிபட்டது, அடிபட்டது, காது போனது எல்லாம் சின்னச் சின்ன வசனமாக, ஒரு பிழை இரண்டு பிழையோடு, தெளிவாக இருந்தது. முடிவு மட்டும் இப்படி:

Failure to keep my son will cause serious damage. Do not make any attempt to send him back.

நான் கிணற்றுக் கட்டில் இருந்து சிரித்தேன். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

"என்ன தம்பி, பிழையோ?" அக்கா ஓடிவந்தா.

"பிழையில்லை அக்கா. அண்ணை விசாரிக்கிற ஆக்களை வெருட்டி எழுதியிருக்கிறார்."

"நீதானே சொன்னனீ," என்றீர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு, "ஆபத்தெண்டால் உப்பிடித்தான் எழுதுறது எண்டு!"

அந்த இரண்டு வசனத்தையும் வெட்டச் சொன்னேன். வெட்டினீர்கள். சிரிப்பு அதோடு முடிந்தது. ஏனென்றால் அன்ரன் இரண்டு கோடு போட்ட விசயம் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அதற்குப் பதிலாக, his decision to go and come என்று ஒரு இடத்தில் இருந்தது.

"இதென்ன?"

"அவன் போட்டு வர எடுத்த முடிவு."

"போட்டு வரவோ? அண்ணை, அவன் வரப்போறதில்லை. வர ஏலாது எண்டதுதான் வழக்கே! உதை வாசிச்சால், போகவும் வரவும் ஏலுமான ஆளுக்கு நாங்கள் ஏன் இடம் குடுக்கிறது எண்டு கேப்பாங்கள். Decision to leave எண்டு எழுதுங்கோ. கீழை, திரும்பி வர அவனுக்கு இஞ்சை பாதுகாப்பான இடமில்லை எண்டு ஒரு வசனம்."

"அதை நான் எழுதமாட்டன்."

எங்கள் ஊரில் யார்தான் 'போறன்' என்று சொல்லிவிட்டு வெளிக்கிடுகிறார்கள்? கடைக்குப் போனாலும் 'போட்டு வாறன்', போய்விட்டு வருகிறேன், என்பதுதான். வாய் தவறி 'போறன்' என்று வந்துவிட்டால் திருப்பிக் கூப்பிட்டு, இருத்தி, ஒரு மிடறு தண்ணீர் குடுத்து மறுபடி அனுப்புவார்கள். எங்கள் அம்மாவும் செய்வா. ஆனால் கடற்கரையில் அது வெறும் பழக்கமில்லை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. காலையில் போனவன் பின்னேரம் வருவான் என்பதற்கு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லாத ஆட்கள் நீங்கள்.

மூன்று ஞாயிறு இழுத்தீர்கள். கடிதத்தை மூன்று தரம் அழகாகப் பிரதி செய்தீர்கள். ஒவ்வொரு தரமும் அந்த வசனம் வரவேண்டிய இடத்தில் ஒரு வரி வெறுமையாக இருக்கும். "இடம் விட்டிருக்கிறன். மற்றதைப் பார்" என்பீர்கள். ஒழுங்கைக் கடைசி வீட்டு ரீச்சர் புதன்கிழமை கொழும்புக்கு வெளிக்கிடுகிறா, அவவிடம் கொடுத்தால் அங்கிருந்து தபாலில் போடுவா, அதைத் தவறவிட்டால் விசாரணைக்கு முதல் கடிதம் போய்ச் சேராது. செவ்வாய் மத்தியானமும் அந்த வரி வெறுமையாகத்தான் இருந்தது.

நான் வெடித்தேன். "உங்கடை வாய்ச் சகுனத்துக்காண்டி அவனை ஏத்திக்கொண்டு வந்து இறக்கப்போறாங்கள். இறக்கின இடத்திலையே பிடிப்பாங்கள். மற்றக் காதும் போகட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறியளோ?"

அக்கா "தம்பி!" என்றா. நான் நிறுத்தவில்லை. "ஒரு வசனம் எழுதினால் பிள்ளை செத்துப்போமோ? விசர்க்கதை!"

நீங்கள் எழும்பிப் போய் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றீர்கள். இஞ்சினைத் தொடவில்லை. முதுகைக் காட்டியபடிதான் சொன்னீர்கள்.

"அவன் வெளிக்கிடுற அண்டு எங்களுக்குள்ளை சண்டை. கடலை விட்டிட்டு எங்கையடா போறாய் எண்டு ஏசிப்போட்டன். இந்தக் கடலாலைதான் நான் செவிடன் எண்டு சொன்னான். அதுக்குப் பிறகு 'நான் போறன் அப்பா' எண்டான். போட்டு வாறன் எண்டு சொல்லேல்லை. உன்ரை அக்கா செம்போடை ஓடினவ. நான் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டு இருந்தனான், தலை நிமிரேல்லை. 'போறவன் போகட்டும், தண்ணியைக் கொண்டுபோய் உள்ளுக்கை வை' எண்டு சொன்னன். அவன் வாசல் படலையிலை நிண்டவன். கொஞ்ச நேரம் நிண்டவன் தம்பி. கூப்பிடுவன் எண்டு நிண்டவன்."

டிரம் விளிம்பைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"கூப்பிடேல்லை. இப்ப அவன் வரமாட்டான் எண்டு என்ரை கையாலையே எழுதச் சொல்லுறாய்."

அண்ணை, எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அதை யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. பழுது எங்கே என்று பார்க்கத்தான் தெரியும். உங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். இஞ்சின் மூடியில் சிவப்பில் ஒரு எச்சரிக்கை ஒட்டியிருந்தது, காற்றாடியில் கை வெட்டுப்படுகிற படத்தோடு. வேறொன்றும் தோன்றவில்லை. அதைக் காட்டிக் கேட்டேன்.

"உது ஏன் ஒட்டியிருக்கிறாங்கள்? உங்கடை கை வெட்டுப்படவேணும் எண்டோ?"

"வெட்டுப்படாமல் இருக்க."

"அப்ப இந்த வசனம்?"

 விரலால் அந்தப் படத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றீர்கள். கன நேரம். நான் அன்றைக்கு ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்பதைத் தயவுசெய்து கணக்கில் எடுங்கள்.

பிறகு, "பேனையைத் தா" என்றீர்கள்.

வெறும் வரியில், ஒவ்வொரு எழுத்தாக: My son has no safe place to return to. மிதப்பு, கயிறு, ஈயம். கடைசிச் சொல்லில் நின்றீர்கள்.

"முடிவிலை ஏன் இன்னொரு to?"

"அது அப்பிடித்தான் வரும்."

"ஈயத்துக்குக் கீழையும் ஒரு கயிறு தொங்குது."

"ஓம்."

"தொங்கட்டும். ஆராவது பிடிப்பினம்."

அடுத்த நாள் காலை ரீச்சர் சைக்கிளில் வந்தா. கடிதத்தை வாங்கிக் கைப்பைக்குள் புத்தகத்தின் நடுவில் வைத்தா. "கவலைப்படாதையுங்கோ, கொழும்பிலை இறங்கின உடனை போட்டுவிடுறன். சரி, அப்ப போட்டு வாறன்" என்று சைக்கிளைத் திருப்பிப் படலை வரைக்கும் போய்விட்டா. அப்போதுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள். இஞ்சின் சத்தத்துக்கு மேலால் கூப்பிட்டுப் பழகிய குரல். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

"ரீச்சர்! ஒருக்காத் திரும்பி வாங்கோ!"

அவ பயந்துபோய்ச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தா. "என்ன, ஏதும் வைக்க மறந்துபோனியளோ?"

"ஓம். மறந்துதான் போனன். உந்தக் கதிரையிலை இருங்கோ."

அக்கா சொல்லாமலே செம்போடு வந்து நின்றா. நீங்கள் அதை வாங்கி ரீச்சருக்கு நீட்டினீர்கள்.

"எனக்குத் தாகமில்லை ஐயா, இப்பதான் தேத்தண்ணி குடிச்சனான்."

"தாகம் உங்களுக்கில்லை. ஒரு மிடறு குடியுங்கோ."

ரீச்சர் என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன். அவ கைப்பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு ஒரு மிடறு குடித்தா. நீங்கள் ரீச்சரைப் பார்க்கவில்லை. அந்தப் பையைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"இப்ப போட்டு வா ராசா."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டா. நான் ஏதோ சாவி எடுக்கிற சாட்டில் பட்டறைக்குள் போய்விட்டேன். அங்கே ஒரு சாவியும் தேவைப்படவில்லை.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. அன்ரனை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கடிதத்தை நான்தான் உரத்து வாசித்தேன். "அப்பாவின்ரை கடிதத்தை வாசிச்ச அதிகாரி, உன்ரை தகப்பன் இஞ்சின் திருத்திறவரோ எண்டு கேட்டவ. கடைசி வசனத்தை ரெண்டு தரம் வாசிச்சவ" என்று எழுதியிருந்தான். எனக்கு விளங்கவில்லை. கடைசி வசனம் 'உங்கள் உண்மையுள்ள' அல்லவா? நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அண்ணை. நான் பார்த்துத் தந்த பிறகு என்ன செய்தனீங்கள்?"

"அடியிலை கொஞ்சம் இடம் கிடந்தது."

"என்னத்தை எழுதினனீங்கள்?"

"நீ வெட்டச் சொன்னதிலை ஒண்டை. Do not make any attempt எண்டு துவங்கிறது. நல்ல வசனம் தம்பி. உனக்குத்தான் ரசனையில்லை."

அன்றைக்கு ஒழுங்கைப் பிள்ளைகளுக்கெல்லாம் அக்கா ரொபி கொடுத்தா. நீங்கள் டிரம்மில் இஞ்சினை ஓடவிட்டீர்கள். இரண்டு நிமிடமல்ல, போத்தல் மண்ணெண்ணெய் முடியுமட்டும். நான் கத்தவில்லை.

பிறகு இந்த ஐப்பசி. சண்டை கிட்ட வர, ஊரே ஒரே நாளில் வெளிக்கிட்ட நாள். "கெதியா, கெதியா" என்று நான் எல்லோரையும் துரத்திக்கொண்டிருந்தேன். இஞ்சினைக் கொண்டுவர ஏலாது. நீங்கள் அதை டிரம்மிலிருந்து கழற்றி, அதே படுக்கை விரிப்பால் சுற்றி, வெங்காய அறையில் கிடத்தினீர்கள். கிணற்றில் ஒரு வாளி அள்ளி, எல்லோருக்கும் ஒவ்வொரு மிடறு தந்தீர்கள். என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தித் தந்தீர்கள். நான் ஏசிக்கொண்டே குடித்தேன்.

மழையில் நடந்த நடைதான் உங்களை விழுத்தியது. இங்கே வந்து மூன்றாம் நாள் நெஞ்சுச் சளி. விறாந்தை மூலையில் படுத்திருந்தபடி கேட்டீர்கள், "தொண்டைமானாறு இஞ்சையிருந்து கிட்டத்தானே? சன்னிதி கோயிலடியிலை கடல் வாய் திறக்கிற இடத்தை ஒருக்காப் பாக்கவேணும். சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போவியோ?" மழை விடட்டும் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் அவசரப்பட்ட நான், அந்த ஒன்றுக்கு மட்டும் ஆறுதலாக இருந்தேன்.

கடைசிக் காலை மூச்சு இழுத்தது. ஆசுப்பத்திரியில் மருந்து எடுத்துவர ஓடினேன். சைக்கிள் ரியூப் காற்றுப் போய்க் கிடந்தது. அதோடு மல்லுக்கட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல், "அக்கா, நான் போறன்" என்று ஏறிவிட்டேன். பின்னால் அக்கா கூப்பிட்டா. திரும்பினேன். நீங்கள் கையை உயர்த்தியிருந்தீர்கள். அந்தக் கை உயர எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். தலைமாட்டில் உங்களுக்கு வைத்த தண்ணீர்ப் பேணியைக் காட்டினீர்கள்.

"நேரமில்லை அண்ணை."

"குடி தம்பி."

குடித்தேன். "போட்டு வாறன்" என்றேன். கண்ணை மூடித் திறந்தீர்கள், ஓம் என்பதுபோல.

நான் வந்தேன் அண்ணை. ஒரு மணித்தியாலத்தில் மருந்தோடு வந்தேன். நீங்கள்தான் சொல்லாமல் போய்விட்டீர்கள். பேணியில் மிச்சத் தண்ணீர் அப்படியே இருந்தது.

அன்ரனுக்குக் கடிதம் நாலு நாளாக எழுதுகிறேன். நடை, மழை, பள்ளிக்கூடம், அக்கா சுகமாக இருப்பது எல்லாம் எழுதியாகிவிட்டது. அன்றைக்குப் படலையில் நின்றவனை அப்பா பிறகு கூப்பிட்டார் என்பதையும், ரீச்சரின் கைப்பையைப் பார்த்து என்ன சொன்னார் என்பதையும் எழுதியிருக்கிறேன். அது உங்கள் மகனுக்குச் சேரவேண்டியது, நான் வைத்திருக்க ஏலாது. நடுவில் ஒரு வரி மட்டும் வெறுமையாக இருக்கிறது. விசர்க்கதை என்று உங்களை ஏசியவன் நான். அக்கா இப்போது வந்து கடிதத்தைப் பார்த்தா.  அந்தப் பேணியில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனா.

குடித்துவிட்டேன். எழுதப்போகிறேன்.

நாளைக்குக் காலமை, கப்பலில் கொழும்புக்குப் போகிற ஒருவர் கடிதம் வாங்க வருவார். அவசரக்காரர் என்று சொன்னார்கள். பரவாயில்லை. படலை வரைக்கும் போகவிட்டு, ஒருதரம் திருப்பிக் கூப்பிடுவேன்.